மூன்று டிக்

பாரிமுனையிலிருந்து தண்டையார்பேட்டைக்குப் போகிற பஸ்ஸில், ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த மாயா திடீரென்று "ஐயோ!" என்று அலறினாள்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "இன்னாம்மா? பர்ஸ அட்ச்சிட்டானா?"

"இல்லண்ணா. எங்கம்மா..."

"அம்மாவுக்கு இன்னா ஆச்சி?"

"எங்கம்மா மூஞ்சி வந்துடுச்சிண்ணா!"

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து சீட்டில் மீன்கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள் எட்டி, மாயாவின் கையில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். ஒரு பெண்மணி, கொடியில் சேலை உலர்த்தியபடி யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள்.

"அம்சமா கீறாங்க. இதுக்கா இந்தக் கத்து கத்தின? எனுக்கு நெஞ்சே நின்னுபோச்சி!"

ஆமாம், இதற்குத்தான். பத்தொன்பது வயது மாயா தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு போட்டோவில் தன் தாயின் முகத்தைப் பார்க்கிறாள். அலறாமல் என்ன செய்வாள்?

கெங்கம்மாவின் முகம் இதுவரை எந்தப் படத்திலும் விழுந்ததில்லை. நல்ல கறுப்பு நிறம். அந்த நிறத்துக்கு மேலே வைரம் மாதிரி ஒரு மூக்குத்தி, தாடையில் ஒரு மச்சம், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் விழுகிற குழி. சத்துணவுக் கூடத்தில் அவள் சோறு போடும்போது பிள்ளைகள் அந்தக் குழியைப் பார்த்துத்தான் இரண்டாம் முறை தட்டை நீட்டும். ஆனால் போட்டோவில்? வெள்ளைச் சேலை கட்டிய ஒரு நிழல். அவ்வளவுதான்.

அவர்கள் குடும்பம் பௌத்தக் குடும்பம். கல்யாணம் என்றால் வெள்ளைதான் உடுத்துவார்கள். பெண்ணும் வெள்ளை, மாப்பிள்ளையும் வெள்ளை, பெரியவர்களும் வெள்ளை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண ஆல்பம் வந்தபோது, கெங்கம்மாவின் அண்ணன் பொன்னுரங்கம் அதைப் புரட்டிவிட்டுச் சத்தமாகக் கேட்டார்: "இன்னா கெங்கம்மா, ஒன்ன எடுக்கறப்ப மட்டும் கரண்ட் பூட்ச்சா? பல்லு மட்டும் தனியா சிரிச்சிகினு கீது!"

சொந்தபந்தம் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தது. கெங்கம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அன்றிலிருந்து கேமராவைக் கண்டாலே அவளுக்கு அடுப்படியில் ஏதோ ஒரு வேலை வந்துவிடும்.

இப்போது மூத்தவள் அன்புக்கரசிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பீம்ராவ், வியாசர்பாடி. நிச்சயதார்த்தப் படங்களில் தாய் ஒன்றில்கூட இல்லை! அன்புக்கரசி அழுதே விட்டாள். "நீ இல்லாத கல்யாண போட்டோ எனக்கு இன்னாத்துக்கும்மா?"

"நான் நின்னாலும் இல்லாத மாரிதாண்டி வரும். வுடு."

அந்த 'வுடு' என்ற சொல் மாயாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அக்கா கல்யாணத்தில் அம்மா படத்தில் நிற்க வேண்டும். முகத்தோடு நிற்க வேண்டும்! அவள் கல்லூரியில் படிப்பதோ விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல், இரண்டாம் வருஷம். இதைக்கூடச் செய்யாவிட்டால் அந்தப் படிப்பு எதற்கு?

ஆனால் படிப்பு அவ்வளவு லேசாக இல்லை. ரெஜினா மிஸ் வகுப்பில் கேமராவைத் தூக்கிக் காட்டிச் சொல்வார்: "ஷட்டர்னா கதவு. எவ்வளவு நேரம் திறந்திருக்கணும்னு நீங்க சொல்றீங்க. அப்பர்ச்சர்னா கண்ணோட பாப்பா. எவ்வளவு அகலமாத் திறக்கணும்னு சொல்றீங்க." அதுவரை சரி. அப்புறம் எண்கள் வந்தன. அப்பர்ச்சரில் பதினாறு என்றால் சின்ன ஓட்டை, நான்கு என்றால் பெரிய ஓட்டை! எண் ஏற ஏற ஓட்டை சுருங்குமாம். இது என்ன தலைகீழ் நியாயம்? முதல் ஃபிலிம் ரோலில் மாயா எல்லாவற்றையும் மாற்றி வைத்தாள். தெருவில் பந்து விளையாடிய பையன்கள் எல்லாரும் புகைபோல் வந்தார்கள்.

"நான் கோல் அட்ச்சத எடுத்தியே, அதுல நான் எங்க?" என்று அவள் தம்பி வல்லரசு கேட்டான்.

"தோ, இந்தக் கோடு."

"இதுவா நானு? பேய் மாரி கீது மே!"

ஒருநாள் காலை தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றபோதுதான் விஷயம் பிடிபட்டது. லாரிக்காரர் குழாயை முழுக்கத் திறந்தால் குடம் சட்டென்று நிரம்புகிறது. கொஞ்சமாகத் திறந்தால் வெகுநேரம் பிடிக்க வேண்டியிருக்கிறது. குடம் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான்! ஒரு பக்கம் குறைத்தால் மறுபக்கம் கூட்ட வேண்டும். மாயா குடத்தைப் போட்டுவிட்டுக் கைதட்டினாள். பின்னால் நின்ற அம்மாள், "இன்னாடி, லாரிய இப்பத்தான் மொத மொறயா பாக்கறியா?" என்று கேட்டு அவளைத் தள்ளிவிட்டு முன்னால் போனாள்.

கல்லூரி கேமரா வாரக் கடைசிகளில் முறை வைத்துக் கிடைக்கும். அதன் உள்ளே வெளிச்சத்தை அளந்து காட்டுகிற முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. அதனால் மிஸ் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடுதான் துணை: சுள்ளென்ற வெயிலா? ஷட்டர் நூற்றிருபத்தைந்து, அதாவது நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம்; அப்பர்ச்சர் பதினாறு. மாயா சனி, ஞாயிறு இரண்டு நாளும் மொட்டைமாடியில் அதையே வைத்தாள். அம்மா துணி உலர்த்த வரும்போது தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மீதமிருந்த ஒரே படத்தை எடுத்ததும் ரோல் முடிந்தது; பாரிமுனையில் கொடுத்து அன்றே கழுவி வாங்கிவிட்டாள்.

அந்தக் கடைசிப் படத்தில்தான் கெங்கம்மா முகத்தோடு வந்திருந்தாள். சனிக்கிழமைப் படங்களில் அதே மாடி, அதே கொடி, முதுகுப் பக்கம் அதே வெயில். அவற்றில் எல்லாம் பழைய நிழல்.

ஏன்?

மாயாவின் சந்தோஷம் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் பதைபதைப்பாகிவிட்டது. எப்படி வந்தது என்று தெரியாவிட்டால் மறுபடி எப்படி வரவழைப்பது? கல்யாணம் நெருங்கிவிட்டது!

வீட்டுக்குள் நுழைந்ததும் தரையில் உட்கார்ந்து இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். சனிக்கிழமைப் படத்தில் வானம் நீலமாக, மேகத்தோடு அழகாக இருந்தது. அம்மா இருட்டு. ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் வானம் வெறும் வெள்ளைக் காகிதம். அம்மா வெளிச்சம். ஆக, வெளிச்சம் அதிகமாக உள்ளே போயிருக்கிறது. எந்த வழியாக? கதவு அதிக நேரம் திறந்திருந்ததா, கண் அகலமாகத் திறந்ததா?

அவள் கண்கள் சேலைக்குப் போயின. காற்றில் படபடத்த சேலை நுனி கத்தி மாதிரி தெளிவாக இருந்தது. கதவு அதிக நேரம் திறந்திருந்தால் அந்த நுனி வல்லரசு மாதிரி பேயாகியிருக்கும்! அப்படியானால் ஷட்டர் மாறவில்லை. பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். சனிக்கிழமை தொட்டியின் வெடிப்புகூடத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தொட்டி மங்கிக் கரைந்திருந்தது. மிஸ் சொன்னது நினைவுக்கு வந்தது: கண் அகலத் திறந்தால் பின்னால் இருப்பது மங்கும்.

"அப்பர்ச்சர்!" என்று கத்தினாள் மாயா. அடுத்த நொடி, "டேய் வல்லரசு! கேமராவ எதுக்குடா திருகின?"

"நானா? அத்த தொட்டா கைய ஒட்ச்சிடுவன்னு சொன்னியே, நான் எதுக்கு தொடறேன்?"

"பொய் சொல்லாத."

"அம்மா மேல சத்தியமா தொடல மே!"

அம்மா மேல சத்தியம் என்றால் வல்லரசு பொய் சொல்ல மாட்டான். பின்னே யார்? பேயா, பிசாசா?

விடை மறுநாள் காலையிலேயே வந்தது. அந்த வீட்டில் விடியற்காலை ஒரு சடங்கு உண்டு. துறைமுகத்து நிலக்கரியிலிருந்து கடல் காற்றோடு வருகிற கரித்தூள் இரவெல்லாம் ஜன்னல் வழியாக நுழைந்து தட்டில், டிவியில், தலையணையில் படிந்திருக்கும். எழுந்ததும் கெங்கம்மா ஈரத்துணியோடு ஒரு பக்கத்திலிருந்து துடைத்துக்கொண்டே வருவாள். அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் இதுதான். துடைக்காமல் காபி குடித்தால் காபியோடு கரியும் உள்ளே போகும்.

மாயா பாயில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா டிவியைத் துடைத்தாள். புத்தர் சிலையைத் துடைத்தாள். அலமாரிக்கு வந்தாள். அன்று ஒப்படைக்க வேண்டிய கேமரா அங்கே இருந்தது. "சீ, கலீஜ்" என்று முணுமுணுத்துக்கொண்டே அதை எடுத்தாள். சொம்பைத் துடைப்பது மாதிரி லென்ஸைத் துணியால் சுற்றிப் பிடித்து, பாசத்தோடு ஒரு திருகு திருகினாள்.

டிக். டிக். டிக்.

மாயா பாயிலிருந்து எகிறிக் குதித்தாள். "அம்மா!"

கெங்கம்மா கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஐயையோ, ஒட்ச்சிட்டனா? காலேஜி சாமானாச்சேடி! சத்தம் கேக்கும்போதே நென்ச்சேன்..."

"எப்பெல்லாம் தொடச்ச? நேத்து தொடச்சியா?"

"டெய்லி தொடைக்கறேன். கரி பட்சா கெட்டுப்பூடுமேன்னு..."

"சனிக்கெழம?"

"அன்னிக்கு நீதான் எயுந்ததும் எடுத்துகினு மாடிக்கு ஓடினியே."

மாயா கேமராவை வாங்கிப் பார்த்தாள். நேற்று இரவு அவள் மறுபடி பதினாறுக்குத் திருப்பி வைத்த வளையம் இப்போது பதினாறில் இல்லை. பதினொன்றைத் தாண்டி, எட்டைத் தாண்டி, ஐந்து புள்ளி ஆறில் நின்றது. மூன்று டிக்! ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் திரும்பியிருக்கிறது; மாயா வாய்ப்பாட்டை நம்பி, பாராமலே எடுத்திருக்கிறாள். தன் முகத்துக்கு வேண்டிய வெளிச்சத்தைத் தன் கையாலேயே திறந்துவைத்திருக்கிறாள் கெங்கம்மா, ஒன்றுமே தெரியாமல்!

மாயா தாயைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு, மறைத்து வைத்திருந்த போட்டோவை அவள் ஈரக்கையில் கொடுத்தாள்.

கெங்கம்மா ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மூக்குத்தி தெரியுது" என்றாள் மெதுவாக.

"மச்சமும் தெரியுதும்மா."

"ஆமா... மச்சமும்." சேலைத் தலைப்பால் படத்தை ஒருமுறை ஒற்றினாள். பிறகு சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். "ஏதோ சொம்மா ஒரு தபா வந்துடுச்சி. கல்யாணத்துல வெள்ளப் பொடவ கட்டினு நின்னா பழையபடி கரிக்கட்டதான். பத்து ஊரு ஜனம் பாக்கற ஆல்பம்டி அது."

"வரும்மா. வெள்ளையப் பாத்து மத்த கேமராலாம் ஏமாந்துபோவுது. வானம் வெள்ளையா இருந்தாலும் ஏமாறும், பொடவ வெள்ளையா இருந்தாலும் ஏமாறும். நெறைய வெளிச்சம் கீதுன்னு நெனச்சி கண்ண மூடிக்குது. இதுல முள்ளு செத்துடுச்சி, நானே திறந்து வெக்கறேன்."

"வராம பூட்ச்சின்னா?"

அந்தக் கேள்வியில் நாலு வருஷத்துச் சிரிப்புச் சத்தம் முழுக்க இருந்தது. "வரலன்னா அப்புறம் உன்ன போட்டோவுல நில்லுன்னு என் ஆயுசுக்கும் கேக்க மாட்டேன். ஒரே ஒரு தபா நில்லும்மா!"

கெங்கம்மா ஈரத்துணியை உதறிவிட்டு அடுத்த ஜன்னலைத் துடைக்கப் போனாள்.

அதற்கப்புறம் மாயாவுக்குத் தூக்கம் ஏது? ரெஜினா மிஸ்ஸிடம் கெஞ்சி அடுத்த வாரக் கடைசிக்கும் கல்யாண நாளுக்கும் கேமராவை வாங்கினாள். வியாசர்பாடியில் கல்யாணம் நடக்கப்போகிற மண்டபத்துக்கு வல்லரசை இழுத்துப் போனாள். அவனும் அம்மா நிறம். வெள்ளைச் சட்டை மாட்டி, மண்டபத்து முன்வாசல் நிழலில் நிறுத்தினாள். அவன் முதுகுக்குப் பின்னால் தெரு முழுக்கக் காலை வெளிச்சம்.

"நான் இன்னா, அம்மாக்கு டூப்பா? வழியில போறவன்லாம் சிரிக்கறான் மே!"

"சிரிக்கட்டும். ஆடாம நில்லு. இது முப்பது, எட்டு. இப்ப முப்பது, அஞ்சு புள்ளி ஆறு..."

"பஸ் நம்பரா சொல்றே?"

படங்கள் கழுவி வந்தன. ஷட்டர் முப்பது, அப்பர்ச்சர் ஐந்து புள்ளி ஆறு வைத்த படத்தில் வல்லரசின் ஒவ்வொரு மீசை மயிரும் தெரிந்தது. அவனே அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டான்.

கல்யாண நாளும் வந்தது. பிக்கு 'புத்தம் சரணம்' என்று திரிசரணம் சொல்லிக்கொடுக்க, அன்புக்கரசியும் பீம்ராவும் வெள்ளை உடையில் மாலை மாற்றிக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு அமர்த்தியிருந்த போட்டோகிராபர் துரை பளிச் பளிச்சென்று ஃபிளாஷ் அடித்துத் தள்ளினார். கெங்கம்மா எங்கே? வழக்கம்போல் அடுப்படியில், யாருமே கேட்காத பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

மாயா அவள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினாள். "வா."

"பாயசம் அடி பிடிக்கும்டி..."

"பிடிக்கட்டும்!"

முன்வாசல் நிழலில் குடும்பமே கூடியது. துரை இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்தார். "இன்னா பாப்பா, ஃபிளாஷ் இல்லாம வெளிச்சத்துக்கு எதிர எடுக்கறே? எல்லாம் கறுப்பாத்தான் வரும். சொன்னா கேளு."

"ஏற்கனவே கறுப்புதானே அண்ணே நாங்க. புதுசா இன்னா வரப்போவுது?" என்றாள் மாயா. கூட்டம் கொல்லென்று சிரித்தது. துரையும் சிரித்துவிட்டார்.

ஆனால் கேமராவில் கண்ணை வைத்ததும் மாயாவின் சிரிப்பு நின்றது. கெங்கம்மா அழுதுகொண்டிருந்தாள்! பிரியப்போகிற மகளின் பின்னால், மாலைகளுக்கு நடுவில் பாதி மறைந்து நின்று, உடம்பெல்லாம் குலுங்கக் குலுங்கத் தேம்பிக்கொண்டிருந்தாள். பேசாமல் நிற்கச் சொல்ல முடியுமா? பெற்றவள் அழுகையை நிறுத்து என்று எந்தப் பாவி சொல்வாள்? ஆனால் ஷட்டர் முப்பதில் இருந்தால் அந்தக் குலுக்கல் முகத்தைக் கலைத்துவிடும். இத்தனை பாடுபட்டு, அம்மா ஒரு பேயாக வருவாள்!

தண்ணீர் லாரி! நேரத்தைக் குறைத்தால் குழாயைத் திற. ஷட்டரை அறுபதுக்குத் தள்ளினாள், நூற்றிருபத்தைந்துக்குத் தள்ளினாள். இரண்டு. அப்பர்ச்சரை நான்குக்குத் திறந்தாள், இரண்டு புள்ளி எட்டுக்குத் திறந்தாள். இரண்டு. குடம் அதே குடம்தான்.

உடனே மற்றது உறைத்தது. தொட்டி! கண் இவ்வளவு அகலமாகத் திறந்தால் பின்னால் நிற்பது மங்கும். மணப்பெண் தெளிவாக விழுவாள். பின்வரிசையில் நிற்கிற அம்மா, அந்தத் தொட்டி மாதிரி கரைந்துபோவாள்.

கேமராவிலிருந்து தலையைத் தூக்கினாள் மாயா. "அம்மா, முன்னாடி வா!"

"நான் இங்கயே நிக்கறேண்டி..."

"பின்னாடி நிக்காதம்மா! பின்னாடி நின்னா நீ வரமாட்ட. அக்கா பக்கத்துல வா. தோளோட தோள் ஒட்டி நில்லு. ஒரே கோட்டுல!"

பின்னால் நிற்பதே பழக்கமாகிப்போன கெங்கம்மா தயங்கினாள். அன்புக்கரசி திரும்பி, தாயின் கையைப் பிடித்து இழுத்தாள். ஓர் அடி... இன்னோர் அடி... வெள்ளைச் சேலையில் கெங்கம்மா முதல் வரிசைக்கு வந்து மகளின் தோளில் தோள் ஒட்டி நின்றாள்.

அப்போதுதான் மாயா பார்த்தாள், லென்ஸ் கண்ணாடி மேல் ஒரு கரித்தூள். ஊதினாள், போகவில்லை. கெங்கம்மாவும் அதைக் கவனித்துவிட்டாள். கண்ணீர் வழிய வழியவே இரண்டு எட்டு முன்னால் வந்தாள், வழக்கம்போல் சேலைத் தலைப்பை எடுத்தாள். பிறகு கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"தொடைக்கட்டா? திரும்பிடப் போவுது!"

மாயா வளையத்தை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நான் பிடிச்சிக்கறேன். நீ தொடைம்மா."

கெங்கம்மா பூவைத் தொடுவது மாதிரி அந்தக் கண்ணாடியை ஒற்றி எடுத்தாள். எடுத்துவிட்டு, அழுகையும் சிரிப்புமாகத் தன் இடத்துக்கு ஓடினாள். ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்தது.

க்ளிக்!

அந்த வாரம் முழுக்க மாயா சாப்பிட்டாளா, தூங்கினாளா, அவளுக்கே தெரியாது. படம் வந்தபோது அவள் பஸ்ஸில் அலறவில்லை. உறையைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்து தாய் கையில் கொடுத்தாள். கெங்கம்மாதான் பிரித்தாள். மறுவீட்டு விருந்துக்கு வந்திருந்த சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நின்று எட்டிப் பார்த்தது.

தெரு வெள்ளையாகக் கரைந்திருந்தது. மண்டபத்துத் தூண் மங்கியிருந்தது. நடுவில் அன்புக்கரசியும், அவள் தோளோடு ஒட்டிக் கெங்கம்மாவும். மூக்குத்தி இருந்தது. மச்சம் இருந்தது. கன்னத்தில் வழிந்த கண்ணீர்த் துளிகூட ஆடாமல் அங்கேயே நின்றிருந்தது. கறுப்பு, அந்தக் கறுப்பு எவ்வளவு அழகாக ஜொலித்தது!

பொன்னுரங்கம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஏம்மே மாயா... மாமாவ இந்த மாரி ஒன்னு எடுப்பியா?"

"பல்லு மட்டும் போதுமா, மூஞ்சியும் வேணுமாண்ணே?" என்றாள் கெங்கம்மா. வீடே அதிர்ந்தது.

பிற்பாடு மாயா அந்தத் தெருவில் எத்தனையோ கல்யாணங்களுக்குப் படம் எடுத்தாள். மாயா எடுத்தால் மூஞ்சி வரும் என்று வியாசர்பாடி, ராயபுரம் வரைக்கும் பேர். அக்கா கல்யாணத்தில் எடுத்த அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இன்றும் அவர்கள் வீட்டு டிவிக்கு மேலே தொங்குகிறது. கரித்தூள் அதன்மேலும் படிகிறது. ஈரத்துணியோடு எழுந்து வருகிற கெங்கம்மா இப்போது முதலில் துடைப்பது அதைத்தான், அழுத்தித் துடைப்பாள்.

"மெதுவாம்மா" என்பாள் மாயா பாயில் படுத்தபடி.

"பயப்படாத கண்ணு. இத்த எப்பிடி தொடச்சாலும் எதுவும் திரும்பாது."